வன்செயலும் மூளையின் வேதியியலும்: ஒரு வரலாற்று நோக்கு

"அவர்கள் இரத்தமே அப்படி" என்னும் சொல்லைக் கேளாத இளைஞர் நம்மில் இலர். ஒரு தெருவில் சண்டை மூண்டால் அதன் காரணத்தை வினவுமுன் சண்டையிட்டோரின் பிறப்பை வினவுவது நம் நாட்டின் பழைய வழக்கம். ஒரு சாராரை முரட்டு இனம் என்பர்; இன்னொரு சாராரை வீரப் பரம்பரை என்பர்; மற்றொரு சாராரை அடங்கிப் போகவே பிறந்தவர் என்பர். மூன்று கூற்றுக்கும் வேர் ஒன்றே. மனிதனின் சினமும் பணிவும் அவன் பிறந்த குடியின் குருதியிலேயே கரைந்து கிடக்கின்றன என்னும் நம்பிக்கை அது. முற்காலத்தில் இந்நம்பிக்கைக்குச் சாத்திரம் துணை நின்றது. கடந்த நூற்றைம்பது ஆண்டுகளாக அறிவியலின் பெயரும் இதற்குத் துணையாக அழைக்கப்பட்டு வருகிறது. அந்த அழைப்புக்கு உண்மையான அறிவியல் என்ன விடை கூறிற்று என்பதை வரலாற்று முறையில் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சினத்துக்கும் உடலுக்கும் தொடர்பு உண்டு என்பதில் ஐயம் இல்லை. "பித்தம் தலைக்கேறிவிட்டது" என்று நம் முன்னோர் கூறினர். கிரேக்க மருத்துவரும் மஞ்சள் பித்தம் மிகுந்தவன் முன்கோபி என்றே எழுதி வைத்தனர். காளைக் கன்றைக் காயடித்தால் அது ஏருக்குப் பணியும் என்பதை உழவன் எந்த நூலையும் படித்து அறிந்தானில்லை. ஆயினும் இத்தொடர்பை முறையாகச் சோதித்துப் பார்த்த முதல் அறிஞருள் ஒருவர் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரத்துப் பெர்த்தோல்டு என்பவராவார். 1849இல் அவர் இளஞ்சேவல்களின் விதைகளை நீக்கினார். அவை கூவுதலும் போரிடுதலும் இன்றி வளர்ந்தன, கொண்டையும் சுருங்கிற்று. வேறு சில சேவல்களுக்கு நீக்கிய விதையை வயிற்றுக்குள் வேறிடத்தில் பொருத்தினார். நரம்புத் தொடர்பு அறுந்திருந்தும் அவை கூவின, போரிட்டன. ஆகவே குருதியின் வழியாக ஏதோ ஒரு பொருள் உடலெங்கும் சென்று வேலை செய்கிறது என்பது புலனாயிற்று. பின்னாளில் ஹார்மோன் என்று பெயர் பெற்ற பொருள்களின் வரலாறு இங்குத் தொடங்குகிறது.

1901இல் ஜப்பானிய வேதியியலார் தக்காமினே அட்ரினலினைத் தூய நிலையில் பிரித்தெடுத்தார். அச்சமும் சினமும் எழும்போது அட்ரினலின் பெருகி, இதயத் துடிப்பை மிகுவித்து, உடலைப் போருக்கோ ஓட்டத்துக்கோ ஆயத்தம் செய்கிறது என்பதை 1915இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்து வால்ட்டர் கேனன் விளக்கினார். போருக்கும் ஓட்டத்துக்கும் உடலின் ஆயத்தம் ஏறத்தாழ ஒன்றே என்பது கருதத்தக்கது. சூழ்நிலையைப் பார்த்துத்தான் உயிர் இரண்டில் ஒன்றைத் தேர்கிறது. அவருடைய மாணவர் ஃபிலிப் பார்டு 1928இல், பெருமூளைப் புறணி நீக்கப்பட்ட பூனைகள் சிறு தீண்டலுக்கும் சீறி எழுவதைக் கண்டார். சூரிச் நகரத்து வால்ட்டர் ஹெஸ் பூனையின் மூளையடியில் உள்ள ஹைப்போதலாமஸ் என்னும் பகுதியில் மெல்லிய கம்பியைச் செருகி மின்னோட்டம் தந்தபோது, அதுவரை அமைதியாக இருந்த பூனை மயிர் சிலிர்த்துப் பாய்ந்தது. இப்பணிக்காக அவர் 1949ஆம் ஆண்டின் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

இத்துணையும் ஒற்றை விலங்கைக் கூண்டில் வைத்துச் செய்த சோதனைகள். விலங்குகள் கூட்டமாக வாழும்போது என்ன நிகழ்கிறது என்பதை 1954இல் அமெரிக்காவில் ரோஸ்வோல்டு, மிர்ஸ்கி, பிரிப்ராம் ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வு காட்டிற்று. சற்று விரித்துச் சொல்லத்தக்க ஆய்வு இது. எட்டு இளம் ஆண் ரீசஸ் குரங்குகளை அவர்கள் ஒரே கூண்டில் வளர்த்தனர். சில நாள்களில் அவற்றுக்கிடையே மேல் கீழ் வரிசை அமைந்துவிட்டது. தலைமைக் குரங்குக்கு டேவ் என்று பெயரிட்டிருந்தனர். அதன் மூளையில் வாதாம் பருப்பின் வடிவுடைய அமிக்டலா என்னும் பகுதியை நீக்கினர். டேவ் வரிசையின் கடைக்கு வந்துவிட்டது. இரண்டாம் இடத்திலிருந்து தலைமைக்கு உயர்ந்த ஸீக் என்னும் குரங்குக்கும் அதே அறுவை செய்தனர். அதுவும் கீழே விழுந்தது. இத்துடன் நின்றிருந்தால், "அமிக்டலாவே சினத்தின் உறைவிடம், அதை எடுத்தால் எவனும் அடங்குவான்" என்று எழுதி முடித்திருப்பர். ஆனால் அடுத்துத் தலைமைக்கு வந்த ரீவாவுக்கு அதே அறுவை செய்தபோது அது தன் இடத்தை இழக்கவில்லை. முன்னினும் கடுமை காட்டிற்று! காரணம் என்னவென்று ஆய்வாளர் தேடினர். ரீவாவுக்கு அடுத்த நிலையில் இருந்த ஹெர்பி என்னும் குரங்கு எதிர்க்கும் இயல்பற்றது. டேவுக்கும் ஸீக்குக்கும் கீழே இருந்தவை, தலைவனின் தளர்ச்சியைக் கண்டவுடன் பாயக் காத்திருந்தவை. கத்தி ஒன்றே, வெட்டப்பட்ட இடமும் ஒன்றே, சுற்றி நின்றோர் வேறு. விளைவும் வேறாயிற்று.

இவ்வாய்வை நாம் மனத்தில் இருத்திக்கொண்டு, இதற்கு முற்பட்ட வேறொரு வரலாற்றைப் பார்க்க வேண்டும். ஆய்வுக் கூடங்களில் பூனையும் குரங்கும் சோதிக்கப்படுவதற்கு நெடுநாள் முன்னரே, அரசாங்க அலுவலகங்களில் மனிதக் குடிகள் அளக்கப்பட்டு வந்தன.

1876இல் இத்தாலிய மருத்துவர் லாம்பிரோசோ, குற்றவாளி என்பவன் பிறவியிலேயே வேறு வகையினன் என்று நூல் எழுதினார். ஒரு கொள்ளையனின் மண்டை ஓட்டில் கண்ட ஒரு குழியைக் கொண்டு, குற்றம் புரிவோர் மனித வளர்ச்சியில் பின்தங்கிய பழங்கால மனிதரின் மறுபிறப்பு என்றார். தாடையும் செவியும் நெற்றியும் அளந்து பட்டியல் போட்டார். அப்பட்டியலை ஐரோப்பா முழுவதும் வியந்து படித்தது. 1913இல் இங்கிலாந்துச் சிறை மருத்துவர் சார்லஸ் கோரிங் ஏறத்தாழ மூவாயிரம் கைதிகளை அளந்து, பல்கலைக்கழக மாணவர், போர்வீரர் முதலியோரின் அளவுகளோடு ஒப்பிட்டார். குற்றவாளிக்கெனத் தனி உடலமைப்பு ஏதும் இல்லை என்பது அவர் கண்ட முடிவு.

நம் நாட்டை ஆண்டவர்களோ லாம்பிரோசோவின் நூலுக்கும் காத்திருக்கவில்லை. 1871இலேயே குற்றப் பரம்பரைச் சட்டம் வந்துவிட்டது. தச்சன் மகன் தச்சன், நெசவாளி மகன் நெசவாளி என்று தொழில் வழிவழியாக வரும் நாட்டில் குற்றமும் அவ்வாறே வரும் என்பது அச்சட்டத்துக்குக் கூறப்பட்ட நியாயம். சாதி முறையின் தத்துவம் ஆங்கிலச் சட்ட நூலுக்குள் குடியேறிய விதத்தைப் பாருங்கள்! வடநாட்டில் தொடங்கிய இச்சட்டம் 1911இன் திருத்தத்தால் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. குறவர் முதலிய பல குடியினர் பெயர்ப் பட்டியலில் ஏற்றப்பட்டனர். கைரேகை தர வேண்டும். குறித்த வேளையில் காவலர் முன் நிற்க வேண்டும். மதுரை மாவட்டத்துப் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3ஆம் நாள் இதை எதிர்த்த பிரமலைக் கள்ளர் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. ஒரு பெண் உட்படப் பலர் உயிர் நீத்தனர். சென்னை மாகாணத்தில் 1947இலும், நாடு முழுமைக்கும் 1952 ஆகஸ்டு 31இலும் அச்சட்டம் நீக்கப்பட்டது. சீர்மரபினர் என்னும் பெயர் இன்றும் அதன் தழும்பாக நிற்கிறது.

இதே அரசாங்கம் வேறொரு பட்டியலும் வைத்திருந்தது. 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின், போர்க்குணம் சில இனங்களுக்கே பிறவிக் குணம் என்னும் கொள்கை படைத்துறையில் வலுப்பெற்றது. 1881 முதல் 1885 வரை சென்னைப் படைக்கும், அதன்பின் 1893 வரை இந்தியப் படை முழுமைக்கும் தலைமை தாங்கிய ராபர்ட்சு பிரபு இக்கொள்கையில் உறுதி மிக்கவர். தென்னாட்டாருக்குப் போர்க்குணம் இல்லை என்று அவர் கருதினார். சென்னைப் படைப்பிரிவுகள் குறைக்கப்பட்டன. மராட்டிய நாட்டு மகார் மக்கள் 1818இல் கோரேகானில் கும்பினிப் படையில் நின்று போரிட்டவர்கள். 1890களின் தொடக்கத்தில் அவர்களைச் சேர்ப்பதும் நிறுத்தப்பட்டது. அண்ணல் அம்பேத்கரின் தந்தையார் ராம்ஜி சக்பால் அப்படையில் சுபேதாராக இருந்தவர். தம் மக்களை மீண்டும் சேர்க்குமாறு மகார்கள் விண்ணப்பத்தின்மேல் விண்ணப்பம் எழுதினர். முதல் உலகப் போர் வந்ததும் ஆள் தேவைப்பட்டது; 1917இல் மகார் படைப்பிரிவு ஒன்று எழுந்தது; போர் முடிந்ததும் கலைக்கப்பட்டது. மீண்டும் போர் வந்தது. 1941இல் மகார் ரெஜிமெண்டு அமைந்தது. ஒரு குடியின் பிறவிக் குணம் அரசாங்கத்தின் தேவைக்கேற்ப இருபத்தைந்து ஆண்டுகளுக்குள் மும்முறை மாறியது.

குடிகளை அளந்த அறிஞரையும் இங்கே குறிப்பிட வேண்டும். வங்கத்தில் ரிஸ்லி மூக்கின் அகலத்தை அளந்து சாதிகளை வரிசைப்படுத்தினார். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் தர்ஸ்டன் தலையும் மூக்கும் அளக்கும் கருவிகளோடு மாகாணமெங்கும் சுற்றினார். அம்மூக்களவுகளைப் பலர் படித்து, உயர்வு தாழ்வு உடலிலேயே எழுதியிருக்கிறது என்று முடிவு கட்டினர். அம்பேத்கரும் அத்தகைய அளவுப் பட்டியல்களைப் படித்தார். தீண்டப்படாதோர் யார் என்பது பற்றி 1948இல் அவர் வெளியிட்ட நூலில் அவ்வெண்களையே எடுத்துக்காட்டி, பிராமணரும் தீண்டப்படாதோரும் ஒரே இனத்தவர் என்று அவ்வளவுகளே கூறுகின்றன என நிறுவினார். பட்டியலைத் தயாரித்தவர் ஒருவர்; அதைக் கூட்டிக் கழித்துப் படித்தவர் மற்றொருவர்.

மூளைக்குத் திரும்புவோம். ஹெஸ்ஸோடு 1949இன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் போர்த்துக்கீசிய மருத்துவர் மோனிஸ். மனநோயாளிகளின் மூளை முன்பகுதியின் நரம்பு இணைப்புகளை அறுக்கும் முறையை 1935இல் தொடங்கியவர் அவரே. அமெரிக்காவில் அம்முறை ஆயிரக்கணக்கானோர் மீது நடத்தப்பட்டு, பலரை உணர்ச்சியற்ற உருவங்களாக்கிற்று. 1963இல் யேல் பல்கலைக்கழகத்து டெல்காடோ, ஸ்பெயின் நாட்டுக் கோர்தோபாவில், மூளையில் கம்பி பொருத்திய காளை தம்மை நோக்கிப் பாய்ந்து வரும்போது வானொலி அலையால் அதை நிறுத்திக் காட்டினார். உலகப் பத்திரிகைகள் வியந்தன. காளையின் சினம் தணியவில்லை, அதன் உடல் ஒரு பக்கம் திரும்பும்படி செய்யப்பட்டது, அவ்வளவே என்று பிற அறிஞர் மறுத்தனர். வேடிக்கை பார்த்தவர்களின் நினைவில் காளை நின்றது மட்டுமே தங்கியது.

1967 ஜூலையில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் கறுப்பின மக்கள் வாழும் பகுதியில் காவலரின் சோதனையை ஒட்டிப் பெருங்கலவரம் மூண்டு 43 பேர் மாண்டனர். அவ்வாண்டு செப்டம்பரில் பாஸ்டன் நகரத்து மார்க், ஸ்வீட், எர்வின் என்னும் மூன்று மருத்துவர்கள் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஒரு கடிதம் வெளியிட்டனர். வறுமையும் வேலையின்மையும் சேரிவாழ்வும் காரணமென்றால், அச்சேரியில் வாழும் பெரும்பாலோர் ஏன் கலகம் செய்யவில்லை, கலகம் செய்த சிலரின் மூளையில் கோளாறு இருக்கிறதா என்று ஆராய வேண்டாமா என்பது அவர்கள் கேள்வி. மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் நியாயமான கேள்வி போலவே தோன்றும். ஆனால் சுட்ட காவலரின் மூளையைப் பற்றி அக்கடிதம் கேட்கவில்லை. 1968இல் வெளியான கெர்னர் குழுவின் அறிக்கை, இனவெறியும் வேலையின்மையும் குடியிருப்பின் இழிநிலையும் காவலரின் நடத்தையுமே காரணம் என்று கண்டது. எனினும் மூளை அறுவை பற்றிய திட்டத்துக்கு அரசுப் பணம் ஒதுக்கப்பட்டது. மார்க்கும் எர்வினும் 1970இல் நூலொன்றும் வெளியிட்டனர். மக்கள் எதிர்ப்பு வலுத்த பின்னரே அம்முயற்சி அடங்கிற்று.

சென்னைக்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. 1963இல் ஜப்பானிய மருத்துவர் நரபயாஷி அமிக்டலாவில் நுண்ணிய அறுவை செய்யும் முறையை வெளியிட்டார். அதைத் தொடர்ந்து, சென்னையில் டாக்டர் பாலசுப்பிரமணியமும் டாக்டர் இராமமூர்த்தியும் அவர்தம் குழுவினரும் அம்முறையைக் கையாண்டனர். கட்டுக்கடங்காத நடத்தை உடையோர்மீது 28 ஆண்டுகளில் செய்யப்பட்ட இத்தகைய அறுவைகள் 600க்கும் சற்று மிகுதி என்று 1988இல் இராமமூர்த்தி எழுதினார். மூளைக்காய்ச்சலாலும் வலிப்பாலும் பாதிக்கப்பட்ட சிறுவர்களும் அவர்களுள் இருந்தனர். அவர்களைக் கட்டிப்போட்டு வளர்த்த தாய்மாரின் துன்பத்தை அறிந்தவர், அம்மருத்துவர்களைப் பாஸ்டன் கடிதக்காரரோடு ஒரே தட்டில் வைக்க மாட்டார். நோயுற்ற ஒரு குழந்தையைப் பார்ப்பது வேறு; கோபமுற்ற ஒரு தெருவைப் பார்ப்பது வேறு. ஆயினும் நோயாளியின் சம்மதம் என்பது இத்துறையில் எங்குமே முறையாக எண்ணப்படாத காலம் அது.

அக்காலத்திலேயே குரோமோசோம் பற்றிய பேச்சும் எழுந்தது. ஆணுக்கு எக்ஸ் ஒன்றும் ஒய் ஒன்றும் இருப்பது இயல்பு. ஆயிரத்தில் ஒருவருக்கு ஒய் இரண்டு அமைகிறது. 1965இல் ஸ்காட்லாந்தின் ஒரு காவல் மருத்துவமனையில் இத்தகையோர் மிகுந்திருப்பதாகப் பாட்ரீசியா ஜேக்கப்ஸ் குழுவினர் எழுதினர். கொலைகாரனின் குரோமோசோம் என்று பத்திரிகைகள் முழங்கின. 1966இல் சிகாகோவில் எட்டுச் செவிலியரைக் கொன்றவனுக்கும் அதுவே என்று எழுதிவிட்டனர். சோதித்தபோது அவனுக்கு ஒய் ஒன்றே இருந்தது. 1976இல் கோபன்ஹேகனில் உயரமான ஆண்கள் நாலாயிரத்துக்கு மேற்பட்டோரைச் சோதித்ததில் இரட்டை ஒய் உடையோர் பன்னிருவர். அவர்களுள் சிலர் குற்றம் செய்திருந்தனர். ஆனால் பெரும்பாலும் சிறு திருட்டுகள், வன்செயல் அல்ல.

இனி மூளையின் வேதியியலுக்கு வருவோம். அதன் கதவைத் திறந்த திறவுகோல்களுள் ஒன்று நம் நாட்டுக் காட்டில் விளைந்த வேர். சர்ப்பகந்தி என்னும் அச்செடியின் வேரைப் பீகாரில் பைத்தியத்துக்கு மருந்தாகச் சாதாரண மக்கள் வழங்கி வந்தனர். 1931இல் கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகிய இருவர், ஆவேசங்கொண்ட மனநோயாளிகளும் இரத்த அழுத்தம் மிகுந்தோரும் இவ்வேரால் தணிவதை எழுதினர். மேலைநாடு இதைக் கவனிக்க இருபது ஆண்டுகள் ஆயின. 1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனம் அதிலிருந்து ரிசர்ப்பின் என்னும் பொருளைப் பிரித்தது. அது மூளையில் என்ன செய்கிறது என்று பார்த்தபோது, செரட்டோனின் என்னும் பொருளை வற்றச் செய்கிறது என்று 1955இல் பிராடியின் குழுவினர் கண்டனர்.

செரட்டோனின் என்பது ஒரு நரம்பணு மற்றொன்றுக்குச் செய்தி கடத்தப் பயன்படும் வேதிப்பொருள்களுள் ஒன்று. 1948இல் கிளீவ்லாந்தில் குருதியிலிருந்து பிரிக்கப்பட்டது. 1953இல் மூளையிலும் இருப்பதை பெட்டி ட்வாரோக், பேஜ் என்போர் காட்டினர். அது சிதைந்து வரும் எச்சத்தை மூளை தண்டுவட நீரில் அளந்து, மூளையில் அதன் நடமாட்டத்தை ஊகிக்கலாம். ஸ்வீடனில் மேரி ஆஸ்பெர்க் 1976இல், மனச்சோர்வு உற்றோருள் இவ்வெச்சம் குறைந்திருந்தவர்களே கொடிய முறையில் தற்கொலைக்கு முயன்றனர் என்று கண்டார். 1979இல் அமெரிக்காவில் பிரவுன், குட்வின் ஆகியோர் படைத்துறை ஆண்களிடம், வன்செயல் மிகுந்தோருக்கு இது குறைவு என்று கண்டனர். செரட்டோனின் குறைந்தால் வெறி மிகும் என்னும் எளிய வாய்பாடு இவ்வாறு பிறந்தது. எனக்கு வியப்பளிப்பது ஒன்றுண்டு. செரட்டோனினை வற்றச் செய்யும் ரிசர்ப்பின், வெறியைத் தணிக்கும் மருந்தாகத்தானே முதலில் புகழ்பெற்றது! வாய்பாட்டின்படி அது வெறியை மூட்டியிருக்க வேண்டும். ரிசர்ப்பின் வேறு வேதிப்பொருள்களையும் வற்றச் செய்கிறது என்பது உண்மையே. மூளையில் எந்தப் பொருளும் தனித்து நின்று வேலை செய்வதில்லை என்பதற்கு இதுவே சான்று.

1983இல் ஃபின்லாந்துக் கைதிகள் 36 பேரை ஆராய்ந்த லின்னோய்லாவின் முடிவு இன்னும் கூர்மையானது. ஆத்திரத்தில் கை ஓங்கியவர்களிடமே அவ்வெச்சம் குறைந்திருந்தது. திட்டமிட்டுக் கொன்றவர்களிடம் அக்குறைவு இல்லை. ஆக, வேதியியல் ஏதேனும் விளக்குமென்றால் அது கணப்பொழுதின் வெறியை விளக்கலாம். ஆளைத் திரட்டி, வழியை மறித்து, மண்ணெண்ணெய் கொண்டுவந்து செய்யும் கொடுமையை அன்று. 1968 டிசம்பர் 25 இரவு, தஞ்சை மாவட்டத்துக் கீழவெண்மணியில் ஒரே குடிசைக்குள் நம் மக்கள் 44 பேர் எரிக்கப்பட்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கூலி உயர்வு கேட்டதன் விளைவு அது. கீழ்நீதிமன்றம் தண்டித்த நிலக்கிழார்களை 1973இல் உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. வசதி படைத்த மிராசுதாரர்கள் தாமே நடந்து சென்று இச்செயலைச் செய்திருப்பார்கள் என்பது நம்பத்தக்கதாக இல்லை என்பது அத்தீர்ப்பில் கண்ட கருத்துகளுள் ஒன்று. வன்செயல் இன்ன மக்களுக்கே உரியது என்னும் எண்ணத்துக்கு மறுபுறம் ஒன்று உண்டு: இன்ன மக்கள் அதைச் செய்யார் என்பது. 1871ஆம் ஆண்டுச் சட்டம் முதல் பக்கம். வெண்மணித் தீர்ப்பு மறுபக்கம்.

மேற்சொன்ன குட்வின் பிற்காலத்தில் அமெரிக்க அரசின் மனநலத் துறையில் உயர்பதவி பெற்றார். 1992இல் ஒரு கூட்டத்தில், நகரச் சேரிகளின் வன்முறை பற்றிப் பேசுகையில் காட்டுக் குரங்குகளில் ஆண்கள் ஒன்றையொன்று கொல்வதை உவமை காட்டினார். கறுப்பின மக்கள் கொதித்தெழுந்தனர். அவர் மன்னிப்புக் கேட்டார். அவ்வாண்டு மேரிலாந்தில் நடக்கவிருந்த குற்றமும் மரபும் பற்றிய மாநாட்டுக்கான பண உதவி நிறுத்தப்பட்டு, அம்மாநாடு 1995இல்தான் கூடிற்று. அதற்குப் பின்னரும் நியூயார்க்கில், குற்றம் புரிந்த சிறுவர்களின் தம்பியர் 34 பேருக்குச் செரட்டோனின் சோதனைக்காக ஃபென்ஃப்ளூரமின் என்னும் மருந்தைக் கொடுத்துப் பார்த்த செய்தி 1998இல் வெளிவந்தது. அச்சிறுவர்கள் ஆறு முதல் பத்து வயதினர். கறுப்பினத்தவரும் ஸ்பானிய மொழிக் குடியினரும் ஆவர். அம்மருந்து இதயத்துக்குக் கேடு என்று 1997இல் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது.

குரங்கை உவமை காட்டியவர், குரங்குகளைப் பற்றி அவர் காலத்திலேயே வெளிவந்த ஆய்வை முழுமையாகச் சொல்லியிருக்கலாம். லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் ராலே, மெக்குவயர் என்போர் வெர்வெட் குரங்குக் கூட்டங்களை ஆண்டுக்கணக்கில் கவனித்து வந்தனர். தலைமை ஆணின் குருதியில் செரட்டோனின் மற்ற ஆண்களைப் போல் ஏறத்தாழ இருமடங்கு இருந்தது. பிறவியிலேயே அவ்வாறு அமைந்ததால் தலைவனாயிற்றா? தலைவனைக் கூட்டத்திலிருந்து பிரித்தனர்; அதன் அளவு இறங்கிற்று. கீழே இருந்த ஒன்று தலைமைக்கு வந்தது. அதன் அளவு ஏறிற்று. 1984இல் இதை வெளியிட்டனர். இருக்கை மாறினால் குருதியின் வேதியியலும் மாறுகிறது! 1991இல் எதிர்த்திசையிலும் சோதித்தனர். தலைவன் இல்லாத கூட்டத்தில் ஓர் ஆணுக்கு மூளையின் செரட்டோனின் செயல்பாட்டைப் பெருக்கும் மருந்து தந்தனர். அது தலைமைக்கு வந்தது. வந்த வழி சண்டை அன்று. பிற குரங்குகளின் மயிர் கோதி, அருகிருந்து, பெண் குரங்குகளின் ஆதரவைப் பெற்று வந்தது.

1996இல் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் கிரேஃபிஷ் என்னும் நன்னீர்ச் சிங்கி இறாலை ஆராய்ந்த யே, ஃப்ரிக்கே, எட்வர்ட்ஸ் ஆகியோர் இதனினும் வியக்கத்தக்கதைக் கண்டனர். இரண்டை ஒரு தொட்டியில் விட்டால் ஒன்று ஆளும், ஒன்று அடங்கும். தப்பியோடப் பயன்படும் ஒரு நரம்பணுவின்மேல் செரட்டோனினை இட்டுப் பார்த்தனர். ஆண்ட இறாலில் நரம்பணுவின் துடிப்பு மிகுந்தது. அடங்கிய இறாலில் குறைந்தது. பொருள் ஒன்றே, நரம்பணுவும் ஒன்றே, விளைவு நேர் எதிர். அடங்கியிருந்த ஒன்று பிறகு மற்றொன்றை வென்று மேலே வந்தால், அதன் நரம்பணுவின் போக்கும் மாறிற்று. ஆண்டது அடங்க நேர்ந்தபோது அம்மாற்றம் அத்துணை எளிதில் வரவில்லை. நம்மூர்ப் பண்ணையார் சிலரை எண்ணி இவ்விடத்தில் நான் சிரித்துக்கொண்டேன். இறாலை வைத்து மனிதரை அளப்பது முறையன்று என்பதால் மேலே செல்கிறேன்.

மூளையின் வேதியியலைத் தெருவே மாற்றும் வழி மற்றொன்றும் உண்டு. அது ஈயம். ஹெர்பர்ட் நீடில்மன் 1979இல் சிறுவர்களின் விழுந்த பற்களை வாங்கி ஈயம் அளந்தார். ஈயம் மிகுந்தோரின் அறிவுத்திறனும் வகுப்பில் கவனமும் குறைந்திருந்தன. 1996இல் பிட்ஸ்பர்க் நகரச் சிறுவரிடம், எலும்பில் ஈயம் மிகுந்தோரிடமே வன்நடத்தை மிகுந்திருப்பதைக் காட்டினார். உதிர்ந்த பழைய வண்ணப்பூச்சும் பெட்ரோல் புகையும் ஏழைகள் வாழும் பகுதியிலேயே மிகுதி. இந்தியாவில் ஈயமில்லாப் பெட்ரோல் முழுமையாக வந்தது 2000இல். பழைய மின்கலங்களை உடைத்து ஈயம் உருக்கும் தொழிலின் அருகே வாழ்வோர் யாவர் என்பதை நான் இங்கு எழுத வேண்டியதில்லை.

இறுதியாக மரபணு. 1978இல் நெதர்லாந்தின் நைமேகன் மருத்துவமனைக்கு ஒரு பெண் வந்தார். தம் குடும்பத்து ஆண்கள் பலர் திடீர் வெறிகொண்டு தாக்குதல், தீவைத்தல் முதலியன செய்கின்றனர். தம் பிள்ளைகளுக்கும் இது வருமோ என்று கேட்டார். அக்குடும்பத்தில் ஆசிரியராக இருந்த முதியவர் ஒருவர் உறவினர்களைக் கண்டு விசாரித்து, 1870 வரை பின்னோக்கி ஒன்பது ஆண்களின் வரலாற்றை 1962இலேயே எழுதி வைத்திருந்தார். பெண்களின் வழியே ஆண்களுக்கு இது வருகிறது என்பதையும் கண்டிருந்தார். ஆய்வுக்கூடம் இல்லை, கருவி இல்லை. ஏடும் எழுதுகோலும் மட்டுமே. ஹன்ஸ் ப்ருன்னர் குழுவினர் அதைத் தொடர்ந்து ஆராய்ந்து 1993இல் முடிவு வெளியிட்டனர். செரட்டோனின் முதலியவற்றைச் சிதைக்கும் மோனோஅமின் ஆக்சிடேஸ் ஏ என்னும் நொதியின் மரபணு இவர்களுக்கு முற்றிலும் பழுதுபட்டிருந்தது. இங்கும் வாய்பாடு தவறுகிறது: சிதைக்கும் நொதி இல்லையெனில் செரட்டோனின் மிகவேண்டும், குறையக் கூடாது. மூர்க்க மரபணு கண்டுபிடிக்கப்பட்டது என்று பத்திரிகைகள் எழுதியபோது, அப்படி ஒன்று இல்லை என்று மறுத்தவர் ப்ருன்னரே.

இதே மரபணுவின் பரவலான ஒரு வகை, அந்நொதியைச் சற்றுக் குறைவாகத் தருகிறது. நியூசிலாந்தின் டனீடன் நகரில் பிறந்து, ஆயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் தொடர்ந்து கவனிக்கப்பட்டு வந்தனர். அவர்களுள் ஆண்களை ஆராய்ந்த காஸ்பி, மாஃபிட் குழுவினர் 2002இல் வெளியிட்ட முடிவு இது: இவ்வகை மரபணுவோடு குழந்தைப் பருவத்தில் கொடுமைக்கும் ஆளானவர்களே பிற்காலத்தில் வன்செயலில் மிகுதியாக ஈடுபட்டனர். அன்போடு வளர்ந்தவர்களிடம் அம்மரபணு எவ்வேறுபாட்டையும் காட்டவில்லை. பிற ஆய்வுகள் இம்முடிவை ஒரே அளவில் உறுதிசெய்யவில்லை. ஆயினும் கொடுமைக்கு ஆளாதல் கேடு என்பதில் எவ்வாய்வுக்கும் கருத்து வேறுபாடில்லை.

நான்கே ஆண்டுகளில் இது எங்கே போய் நின்றது என்று பாருங்கள். 2006இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் நடந்த ஒரு மாநாட்டில், நியூசிலாந்தின் பழங்குடியான மவோரி மக்களிடம் இவ்வகை மரபணு மிகுதி என்று ஓர் ஆய்வாளர் கூறினார். போர்வீரர் மரபணு என்று அதற்கு முன்னமே பெயர் சூட்டப்பட்டிருந்தது. மவோரிகளின் சிறைவாசத்துக்கும் வறுமைக்கும் விளக்கம் கிடைத்துவிட்டது என்று செய்தித்தாள்கள் எழுதின. நிலம் பறிக்கப்பட்ட வரலாறு அச்செய்திகளில் இடம்பெறவில்லை. மறுப்பும் உடனே வந்தது. நியூசிலாந்து மருத்துவ இதழில் 2007இல் மெரிமன், கேமரன் ஆகியோர் எழுதிய கட்டுரை, எண்களை வரிசையாக எடுத்து வைத்தது. அவ்வகை மரபணு ஐரோப்பிய ஆண்களில் நூற்றுக்கு 34 பேருக்கு உண்டு; மவோரி ஆண்களில் 56 பேருக்கு. சீன ஆண்களிலோ 77 பேருக்கு. சீனரைப் போர்வெறியர் என்று அச்செய்தித்தாள்களுள் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.